தும்கூரின் நோயாளிகள் முன்பே வந்திருந்தார்கள்

இது சற்று நீண்ட பதிவு. சுகாதாரப் பொருளியல், சமூக மருத்துவம், மொழியியல் ஆகியவற்றில் ஆய்வு செய்வோர் பொறுமையுடன் படித்துத் தம் கருத்தைச் சொன்னால் மகிழ்வேன்.

சில காலத்துக்கு முன் ஓர் ஆய்வுக் குழுவினருக்காக வினாநிரல் ஒன்றைத் தமிழாக்கித் தரும் பணி எனக்கு வாய்த்தது. பெங்களூரில் வாழும் தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் நோயுற்றால் அரசு மருத்துவமனையை நாடுகின்றனவா, தனியார் மருத்துவரை நாடுகின்றனவா, எதனால் அவ்வாறு நாடுகின்றன என்பதை அறிவதே அந்த ஆய்வின் நோக்கம். மூலத்தில் இருந்த 'பிரிஃபரன்ஸ்' என்ற ஒரே ஒரு சொல் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. 'விருப்பம்' என்றால் ஆசையின் சாயல் வந்துவிடுகிறது. 'தெரிவு' என்றால் செயல் முடிந்துபோன பொருள் தொனிக்கிறது. 'முன்னுரிமை' என்பதில் அரசாணையின் வாடை. இறுதியில் 'விருப்பம்' என்றே எழுதிக் கொடுத்தேன்.

முன்னோட்ட நேர்காணல் நடந்த நாளில் நானும் உடனிருந்தேன். வீட்டு வேலை செய்யும் முதிய பெண்மணி ஒருவரிடம் அந்த வினா கேட்கப்பட்டது. வேலை முடித்து வரும் நேரத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அங்கேதான் தாம் போவதாகவும், இதில் விருப்பம் என்பது எங்கே வந்தது என்றும் அவர் திருப்பிக் கேட்டார். அவ்விடைக்குரிய கட்டம் படிவத்தில் இல்லை. நேர்காணல் செய்தவர் சிறிது தயங்கிவிட்டு, 'தனியார்' என்ற கட்டத்தில் குறியிட்டார். அந்தப் பெண்மணியின் கேள்வி அவ்வளவில் ஒரு 'விருப்ப'மாகிவிட்டது.

இது அந்தக் குழுவின் குறை மட்டும் அன்று. சொல்லைத் தேர்ந்து கொடுத்த எனக்கும் அதில் பங்குண்டு. இதே சிக்கலை நமக்கு முன்னே யாரேனும் எதிர்கொண்டிருக்கிறார்களா என்று தேடியபோது, பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தும்கூர் மாவட்டத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. காசநோய் பற்றிய அந்த ஆய்வின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

*

விடுதலைக்கு முந்தைய இந்தியாவில் காசநோயின் நிலையைப் போர் குழுவின் அறிக்கை காட்டுகிறது. சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்ட அக்குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. பணம் செலுத்த இயலாமை காரணமாக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் அந்நோயால் இறப்பதாகவும், நாடு முழுவதற்குமாக ஏறத்தாழ 6,000 படுக்கைகளே இருப்பதாகவும் அக்குழு மதிப்பிட்டது.

படுக்கைகளை எண்ணுவதற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றாலே படுக்கைதான். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவற்றை அளிக்கும் சானடோரியமே மருத்துவத்தின் உச்சமாகக் கருதப்பட்டது. தமிழில் அச்சொல் சென்னைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்றின் பெயராகவே நிலைத்துவிட்டது. 25 லட்சம் நோயாளிகளுக்கு 6,000 படுக்கைகள் என்னும்போது யார் எதை விரும்பினார்கள் என்ற வினா எழவே வழியில்லை. ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரு படுக்கை என்ற கணக்கில் விருப்பத்துக்கு இடமேது?

இரு நிகழ்வுகள் இந்நிலையை மாற்றின. முதலாவது, மருந்துகளின் வருகை. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் ஆகியவற்றைத் தொடர்ந்து 1952இல் ஐசோநியாசிட் பயன்பாட்டுக்கு வந்தது. மலிவான மாத்திரையாலும் காசநோயைக் குணப்படுத்தும் வழி பிறந்தது. இரண்டாவது, 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. நெருக்கடி மிகுந்த நகரங்களின் நோய் என்று கருதப்பட்டுவந்த காசநோய், கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவில் பரவியிருப்பதை அது காட்டியது. மக்களில் பெரும்பகுதியினர் கிராமங்களில் வாழ்ந்தமையால், நோயாளிகளில் பெரும்பகுதியினரும் அங்கேதான் இருந்தார்கள்.

அப்படியானால் மருந்தை எங்கே வைத்துக் கொடுப்பது? இதற்கான விடை சென்னையில் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய அந்த மையம், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் தம் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான இடத்தில் வாழ்ந்தார்கள், குறைவாக உண்டார்கள், ஓய்வும் அவர்களுக்குக் குறைவு. ஆயினும் முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றதால் உடன் வாழ்ந்தோருக்கு நோய்த்தொற்று அபாயம் கூடிவிடவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு, படுக்கைகளை எண்ணும் காலத்தை முடித்துவைத்தது.

*

எஞ்சியிருந்தது ஒரே கேள்வி. வீட்டிலேயே மருந்து தரலாம். ஆனால் லட்சக்கணக்கான கிராமங்களில் எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் ஒரு நம்பிக்கை குறுக்கே நின்றது. கிராமத்தாருக்கு நோய் பற்றிய அறிவில்லை; விதி என்று இருந்துவிடுவார்கள்; போனாலும் நாட்டு வைத்தியரிடம்தான் போவார்கள்; ஆகவே நடமாடும் எக்ஸ்-ரே வண்டிகளை ஊர் ஊராக அனுப்பி நாமேதான் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே அது. இன்றைய கலைச்சொல்லில் கூறினால், நவீன மருத்துவத்தின்பால் மக்களுக்கு விருப்பம் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது.

1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாட்டுக்கேற்ற காசநோய்த் திட்டம் ஒன்றை வகுத்துத் தருவது அதற்கு இடப்பட்ட பணி. நோய்ப்பரவலியல் அறிஞர்களோடு சமூக ஆய்வாளர்களும் அங்கே அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர், மருத்துவம் பயின்று சமூக அறிவியலின்பால் திரும்பிய தேபபர் பானர்ஜி. இன்னொருவர், உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த ஸ்டிக் ஆண்டர்சன். அந்நாளில் தும்கூர் மாவட்டத்தில் எக்ஸ்-ரே, சளிப் பரிசோதனை ஆகியவற்றின் வழியே நோய்ப்பரவல் கணக்கெடுக்கப்பட்டது. அதில் நோய் கண்டறியப்பட்டவர்களையும், அவர்களோடு ஒப்பிடத்தக்க நோயற்றவர்களையும் வீடு தேடிச் சென்று பேட்டி காண்பது என்று இவ்விருவரும் முடிவு செய்தனர். 34 கிராமங்களும் தும்கூர் நகரின் சில பகுதிகளும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

அவர்கள் வினாக்களை அடுக்கிய முறையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். காசநோய் எப்படிப் பரவுகிறது என்று அவர்கள் தேர்வு வைக்கவில்லை. எவ்வகை மருத்துவம் உமக்கு விருப்பம் என்றும் கேட்கவில்லை. மூன்று படிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். உடலில் ஏதேனும் தொல்லையை உணர்ந்தாரா? உணர்ந்த தொல்லை அவரைக் கவலைகொள்ளச் செய்ததா? கவலை கொண்டவர் அதற்காக எதையேனும் செய்தாரா? உணர்தல், கவலுதல், செயற்படல் என்று இவற்றைத் தமிழில் சொல்லலாம்.

1963இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான விடை எவரும் எதிர்பாராதது. சளியில் கிருமி காணப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோருமே தொல்லையை உணர்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அது குறித்துக் கவலை கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே மருத்துவ உதவி தேடிப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அவர்களிற் பலர் போன இடம் நவீன மருத்துவ நிலையங்களே. அங்கே அவர்களுடைய சளியைச் சோதிப்பாரும் இல்லை, காசநோயாக இருக்கலாம் என்று ஐயுறுவாரும் இல்லை. கையில் ஒரு புட்டி இருமல் மருந்தோடு அவர்கள் வீடு திரும்பியிருந்தார்கள்.

எக்ஸ்-ரே வண்டியை அனுப்பித் தேட வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்களில் பாதிப் பேர், கூலியை விட்டு, வண்டிக்குக் காசு கொடுத்து, தாமாகவே வாசலுக்கு வந்து நின்றவர்கள். அவர்களைக் காணாமல் திருப்பியனுப்பியது மருத்துவ நிலையம்தான். அறியாமை எந்தப் பக்கம் இருந்தது என்பதை இனி வேறு விதமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மீதிப் பாதிப் பேரைப் பற்றிப் பானர்ஜியின் நிலைப்பாடு தெளிவானது. தேடி வந்தவர்களுக்கே ஒன்றும் செய்யாத அமைப்பு, வராதவர்களை வரவழைக்கப் பிரசாரம் செய்வதில் பொருளில்லை. உணரப்பட்ட தேவையை முதலில் நிறைவேற்றுங்கள். ஒருவர் குணமானதைக் கண்டு மற்றவர் வருவார் என்பதே அவரது வாதம்.

1962இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தது. தனிக் காசநோய் மருத்துவமனைகளைப் பெருக்குவதற்கு மாறாக, மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம். அதன் கீழே பொது மருத்துவ நிலையங்கள். அங்கே நீடித்த இருமலோடு வருகிறவரின் சளியை நுண்ணோக்கியில் பார்த்து, இலவச மருந்தை அவர் வீட்டருகிலேயே கொடுப்பது. 1950களில் இந்தியாவில் உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்ப் பணியில் இருந்த ஹாஃப்டான் மாலர், பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநராகி, 1978இல் அல்மா-அட்டாவில் ஆரம்ப சுகாதாரக் கொள்கையை உலகின் முன் வைத்தார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

*

தும்கூர் ஆய்வு வெளியான அதே 1963இல், சுகாதாரப் பொருளியலின் தொடக்க நூலாக இன்று கருதப்படும் கென்னத் ஆரோவின் கட்டுரையும் வெளிவந்தது. மருத்துவம் சந்தையில் விற்கும் பிற பண்டங்களைப் போன்றதன்று. எப்போது தேவைப்படும் என்று தெரியாது. பெற்றது நல்லதா என்று பெற்றவரால் மதிப்பிட இயலாது. ஆகவே நம்பிக்கையின் மீதே அது நடைபெறுகிறது என்று ஆரோ வாதிட்டார். இவ்விரு கட்டுரைகளும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

ஏனெனில் பொருளியலில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கருத்து வேறு. பால் சாமுவேல்சன் 1938இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே அவர் விருப்பத்தை வெளிப்படுத்துகிறது. அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க வேண்டியதில்லை. சந்தையில் பழம் வாங்குவோரைப் புரிந்துகொள்ள அது உதவலாம். தும்கூரின் நோயாளிக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். மருத்துவ நிலையத்துக்குப் போனார். இருமல் மருந்து வாங்கினார். மறுமுறையும் போய் அதையே வாங்கினார். ஆகவே அவர் விருப்பம் இருமல் மருந்து என்று முடிவு கட்டலாமா? அவர் முன் வேறொன்று வைக்கப்படவே இல்லை என்பதைத் தேர்வின் பதிவேடு சொல்லாது.

மொழியியல் பயின்றதன் விளைவாக எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றுகிறது. தமிழிலும் கன்னடத்திலும் நோய் எழுவாய்க்கு நிகழ்வதில்லை. நான்காம் வேற்றுமைக்கு நிகழ்கிறது. 'எனக்கு இருமல்' என்கிறோம்; தும்கூரில் 'நனகெ கெம்மு' என்பார்கள். வேண்டுதலும் அவ்வாறே. 'எனக்கு வேண்டும்', 'நனகெ பேகு' என்ற தொடர்களில் விருப்பமும் தேவையும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. பொருளியல் இவ்விரண்டையும் கவனமாகப் பிரிக்கிறது: தேவையை வல்லுநர் தீர்மானிப்பார், விருப்பத்தை நுகர்வோர் தீர்மானிப்பார். நம் மொழிகளில் நோயாளி 'வேண்டும்' என்னும்போது அந்தப் பிரிவினைக்கு அவர் உடன்படவில்லை. இலக்கணத்திலிருந்து உளவியலுக்குத் தாவுவது தவறு என்பதை அறிவேன். மொழியின் அமைப்பு சிந்தனையைக் கட்டிப்போடுகிறது என்று நான் சொல்லவரவில்லை. 'உமது விருப்பம் எது' என்று மொழிபெயர்க்கும்போது, 'எனக்கு' என்று பேசிக்கொண்டிருந்தவரை 'நான்' என்ற நாற்காலியில் அமர்த்திவிடுகிறோம் என்பதை மட்டும் சுட்டுகிறேன். அமர்த்திய பின் விளைவுகளுக்கும் அவரே பொறுப்பாகிறார்.

*

அந்தப் பொறுப்பு எவ்வாறு நோயாளியின் தலையில் ஏறியது என்பதைத் திட்டத்தின் பிற்கால வரலாறு காட்டுகிறது. 1962ஆம் ஆண்டுத் திட்டம் பொது மருத்துவ நிலையங்களை நம்பியிருந்தது, அந்நிலையங்களோ வலுப்பெறவில்லை. பணியாளர் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு, நிதிக் குறைவு ஆகியவற்றோடு, 1970களில் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் ஊழியர்களின் நேரத்தை விழுங்கின. 1992இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சுவீடனின் உதவி அமைப்பும் சேர்ந்து நடத்திய மறுஆய்வில், நோயாளிகளில் பாதிக்கும் குறைவானோரே கண்டறியப்படுவதும், அவர்களிலும் சிறுபகுதியினரே சிகிச்சையை முடிப்பதும் தெரியவந்தன.

இடைப்பட்ட காலத்தில் நோயாளிகள் சும்மா இருக்கவில்லை. திறந்திருந்த கதவுகளைத் தேடிப் போனார்கள். அக்கதவுகள் பெரும்பாலும் தனியாருடையவை. பம்பாயின் சேரிப் பகுதிகளில் தொழில் நடத்திய 100 தனியார் மருத்துவர்கள் காசநோய்க்கு 80 வெவ்வேறு மருந்துத் தொகுப்புகளை எழுதிக் கொடுத்தார்கள் என்று 1991இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மக்கள் தனியாரையே விரும்புகிறார்கள் என்ற வாசகம் அதன்பின் கொள்கை விவாதங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த விருப்பத்தின் பிறப்புக் கதையை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சிகிச்சையைப் பாதியில் விட்டவரைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய சொல் 'டிஃபால்ட்டர்'. வங்கிக் கடனைத் திருப்பாதவருக்குரிய சொல் அது. மருந்து வந்து சேராத நிலையத்துக்கு மூன்று முறை அலைந்து நான்காம் முறை வராதவரும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டார். நோய் இருக்கலாம் என்று கருதப்பட்டவர் 'சஸ்பெக்ட்'. இது காவல் நிலையத்துச் சொல். 2013இல்தான் உலக சுகாதார நிறுவனம் தன் வரையறைகளிலிருந்து இவ்விரண்டையும் நீக்கியது. முதலாமவர் 'தொடர்பில் இல்லாதவர்' ஆனார். இரண்டாமவர் 'நோய் இருக்கலாம் எனக் கருதத்தக்கவர்' ஆனார். சொல் மாறியதால் மருந்து வந்து சேர்ந்துவிடாது. ஆயினும் குற்றவாளிக் கூண்டிலிருந்து நோயாளி இறங்கினார்.

1997இல் தொடங்கிய திருத்தியமைக்கப்பட்ட திட்டம், 2006க்குள் நாடு முழுவதையும் எட்டியது. தடையற்ற மருந்து வழங்கலும் தரமான சளிப் பரிசோதனையும் அதன் உண்மையான சாதனைகள். ஆனால் ஊழியரின் கண்முன்னே வந்து மாத்திரை விழுங்க வேண்டும் என்ற விதி, நாட்கூலிக்காரரின் நேரத்தை விலையில்லாப் பண்டமாகக் கணக்கிட்டது. இலவச மருந்துக்கு அவர் கொடுத்த விலை அந்த நேரம்.

*

தும்கூரின் கேள்வி இன்று எங்கே நிற்கிறது? 2015இல் வெளியான டெல்லி ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற நடிப்பு நோயாளிகள் காசநோயின் அறிகுறிகளோடு தனியார் மருத்துவர்களிடம் சென்றார்கள். 250 சந்திப்புகளில் 21 விழுக்காட்டில் மட்டுமே அவர்கள் சரியாகக் கையாளப்பட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும், வேறு நகரத்தில், வேறு வகை மருத்துவரிடத்தில், தேடி வந்தவர் பெரும்பாலும் அடையாளம் காணப்படாமலே திரும்பினார்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு வேறொரு செய்தியைத் தருகிறது. அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 68 விழுக்காட்டினரின் விடை 'அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை' என்ற தலைப்பின் கீழ்ப் பதிவாகியுள்ளது. செலவழிக்க இயலவில்லை என்றோர் 2 விழுக்காட்டினரே. தும்கூரின் எண்ணையும் இதையும் நேரடியாக ஒப்பிடலாகாது. அது நோய் உறுதியானவர்களைப் பற்றியது. இது அறிகுறி உள்ள அனைவரையும் பற்றியது, அவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் இராது. ஆயினும் 'பொருட்படுத்தவில்லை' என்ற சொல்லில் எனக்கு அந்தப் படிவத்தின் கட்டம் தெரிகிறது. ஒரு நாள் கூலி போகும் என்பதால் போகாதவர், முன்பு போய் ஒன்றும் கிடைக்காததால் போகாதவர், உண்மையிலேயே சிறு இருமல் என்று விட்டுவிட்டவர் ஆகிய மூவருக்கும் அங்கே ஒரே கட்டம்தான் இருந்திருக்கக் கூடும். இம்மூவருக்கும் அரசு செய்ய வேண்டியவை மூன்று வெவ்வேறு செயல்கள்.

விருப்பங்களை அளக்கும் முறைகள் இன்று நுட்பமாக வளர்ந்துள்ளன. கற்பனைத் தெரிவுகளை முன்வைத்து, காத்திருக்கும் நேரத்துக்கும் கட்டணத்துக்கும் தொலைவுக்கும் மக்கள் அளிக்கும் எடையைக் கணக்கிட முடிகிறது. அவற்றை நான் மறுக்கவில்லை. நோயாளியின் குரலை எண்ணாகவேனும் திட்டத்துக்குள் கொண்டுவர அவை முயல்கின்றன. என் வேண்டுகோள் சிறியது. எதை விரும்புகிறீர்கள் என்று கேட்பதற்கு முன், இதுவரை எங்கெங்கே போனீர்கள், அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த வரலாறு இல்லாத விருப்பம், கதவுகளின் கணக்கெடுப்பாகவே முடியும்.

அந்த வினாநிரலின் திருத்திய வடிவில், 'விருப்பம்' என்ற சொல்லுக்கு முன்னே இப்போது இரண்டு வினாக்கள் சேர்ந்துள்ளன: கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனபோது முதலில் எங்கே போனீர்கள்? அங்கே உங்களுக்கு என்ன செய்தார்கள்? குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். நேர்காணலின் நேரம் நான்கு நிமிடம் கூடியிருக்கிறது. இனி வருகிறவரின் விடைக்கு ஒரு கட்டம் இருக்கும். அன்று கேள்வியைத் திருப்பிக் கேட்ட பெண்மணியின் பெயருக்கெதிரே, முன்னோட்டத் தரவில், 'தனியார்' என்ற குறி அப்படியே இருக்கிறது.